மதாமுக்கு ஒரு கடன், அம்மனுக்கு ஒரு கடன்

அம்மன் துணை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
4 பிப்ரவரி 2024

மரியாதைக்குரிய மதாம் அவர்களுக்கு,

கீழ் வீட்டு வசந்தா எழுதுகிறேன். நானும் அவரும் சரிதாவும் சுகம். நீங்களும் அனைஸும் மாப்பிள்ளையும் இரட்டைப் பேரப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் போன் செய்தபோது நான் சொன்னது எதுவும் உங்கள் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். "கடுதாசி போடு வசந்தா, கடுதாசி போடு" என்று இரண்டு தடவை கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். சரிதாதான் தபால் ஆபீசுக்குப் போய் பிரான்சுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று கேட்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் உங்கள் வீட்டை வாரம் ஒரு நாள் திறந்து பெருக்குகிறேன். சமையல்கட்டு ஜன்னலில் புறா முட்டையிட்டிருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. கரண்ட் பில் கட்டியாயிற்று.

அவர் லேத்து வேலைக்குப் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறார். இரும்புத் துகள் பட்டு ஆபரேஷன் செய்த கண் பரவாயில்லை. சாயங்காலமானால் நீர் வடிகிறது, அவ்வளவுதான். அந்த ஆபரேஷனுக்கு நீங்கள் கொடுத்த ஒரு லட்சத்தை நாங்கள் ஒரு நாளும் மறக்கவில்லை. மாதம் மூவாயிரம் என்று பேசிக்கொண்டபடி போன ஜூலையிலிருந்து உங்கள் பாங்கு கணக்கில் போட்டு வருகிறேன். இந்த மாதம் மட்டும் பாதிதான் போட முடிந்தது. மீதியைச் சீக்கிரம் போட்டுவிடுகிறேன். வேறு விசேஷமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
வசந்தா

*

சேசு மரி சூசை

ஓர்லேயான்
24 பிப்ரவரி 2024

என் அன்பான வசந்தாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. மெர்சி! தபால்காரி அதை என் கையிலேயே கொடுத்தாள். இந்த வீட்டில் என் பெயருக்கு வந்த முதல் தபால். இங்கே எல்லோரும் கர்த்தர் கிருபையால் சுகம். அதேபோல் நீ, இராமதாஸ், சரிதா மூவரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

போனில் பேசுவது எனக்குச் சரிப்படாது. காதில் மெஷின் வைத்தாலும் ஸ்பீக்கரில் போட்டால்தான் கொஞ்சம் கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் வீடு முழுக்கக் கேட்கிறது. கடிதமே நல்லது. முப்பது வருஷமாகத் தமிழில் மளிகைச் சிட்டைதான் எழுதியிருக்கிறேன். இப்போது எழுத எழுத எழுத்து வருகிறது, பார்.

பிள்ளைகள் இரண்டும் படு சுட்டி. அனைஸ் வேலைக்குப் போய்விட்டால் அவர்கள் என் பொறுப்பு. மாப்பிள்ளை தியரி நல்ல பையன், பேச்சுதான் குறைவு. இங்கே மேகம் மூடி மத்தியானமே வெளிச்சம் மங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மனிதத் தலை தெரிந்தால் எழுந்து பார்க்கிறேன்.

பாதிப் பணத்துக்கு எதற்கு இத்தனை கூச்சம்? எனக்கு அவசரமே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அதட்டலாக நினைக்காதே, ஆவலில் கேட்கிறேன். முடியவில்லை என்றால் ஒன்றுமே போட்டிருக்க மாட்டாய். முடியும் என்றால் முழுதும் போட்டிருப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும். சரியாகப் பாதி எப்படி வந்தது? மீதிப் பாதி எங்கே போனது?

முட்டையை எடுக்காதே. குஞ்சு பொரித்ததும் எழுது.

அன்புடன்
இவோன்

*

அம்மன் துணை

முத்தியால்பேட்டை
14 மார்ச் 2024

மதாமுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். குஞ்சு இரண்டு பொரித்திருக்கிறது. ஜன்னல் முழுக்க எச்சம். நீங்கள் வருவதற்குள் கழுவிவிடுவேன்.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள், இனி மறைக்க முடியாது. மீதிப் பாதி ஒரு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அவருக்குக் கண்ணில் அடிபட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தனியாக நின்றேன். பெரிய டாக்டர் வெளியே வந்து, "பார்வைக்கு உத்தரவாதம் தர முடியாதும்மா" என்றார். அப்போது வீராம்பட்டினம் அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "தாயே, கண்ணு பொழைச்சிட்டா ஒனக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறேன். ஆடியில தெரு ஜனம் மொத்தத்துக்கும் கூழ் ஊத்துறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் கூடத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாள்தான் நீங்கள் பணத்தோடு வந்தீர்கள்.

கண் பிழைத்தது. ஆடி இரண்டு வந்து போய்விட்டது. வேண்டுதலை முடிக்கவில்லை. கண்ணில் நீர் வடியும்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்கிறார். "மதாம் கடன் மாசா மாசம் போவுது. அம்மாளு கடன் மட்டும் அப்பிடியே நிக்குது. அதான் வடியுது" என்கிறார். நேர்த்திக்கடன் என்பதிலும் கடன் என்றுதானே இருக்கிறது என்று கேட்கிறார். மொத்தமே மூவாயிரம்தான் மிச்சமாகிறது, ஆளுக்குப் பாதி என்று பிரித்துவிட்டேன்.

கடன் கொடுத்தவரிடமே இதைச் சொல்வது என்ன நியாயம் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வசந்தா

*

சேசு மரி சூசை

ஓர்லேயான்
3 ஏப்ரல் 2024

அன்பான வசந்தா,

பாஸ்கு திருநாள் முடிந்து எழுதுகிறேன். எல்லோரும் சுகம். எனக்கு லேசான இருமல், வேறொன்றுமில்லை.

கோபமா! உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். எத்தனை வருஷம் உன் தலைமேல் குடியிருந்திருக்கிறேன், இதையெல்லாம் கேட்டதே இல்லையே. இப்போது கேட்கிறேன், பொறுமையாகப் பதில் எழுது. அம்மனுக்குக் கெடு உண்டா? தவணையில் கொடுத்தால் ஏற்பாளா? கடன் வாங்கிக் காணிக்கை போட்டால் அது காணிக்கையா, கடன் கொடுத்தவனுடைய காணிக்கையா? நீ வேண்டிக்கொண்டு உன் வீட்டுக்காரர் செலுத்தினால் செல்லுமா?

இங்கே கோயிலில் சாமியார் ஒரு கறுப்பர், ஆப்பிரிக்காவில் பெனேன் நாட்டுக்காரர். பூசை முடிந்ததும் அவரிடம் உன் கதையைச் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் பரீட்சையில் தேறினால் ஓர் ஆடு தருவதாக அவருடைய அம்மா ஊர்த் தேவதைக்கு நேர்ந்துகொண்டாளாம். மகன் சாமியாராகவே ஆகிவிட்டான், ஆடு இன்னும் பாக்கியாம். "என்னிடம் கேட்காதீர்கள் மதாம், நானே கடனாளி வீட்டுப் பிள்ளை" என்றார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். உனக்குக் கொடுத்த அந்தப் பணம் சும்மா கிடந்த பணமில்லை. காலமான என் வீட்டுக்காரர் ரேமோன் பெயரில் நம் பங்குக் கோயிலுக்குத் தேக்கில் பெஞ்சுகள் செய்து தருவதாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆசாரிக்கு முன்பணம் கொடுக்கப் போகிற வழியில்தான் இராமதாஸ் சேதி வந்தது. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "ஜனங்க நின்னுக்கிட்டே பூசை பார்க்கட்டும், மதாம்" என்று விட்டுவிட்டார். ஆக, கோயிலுக்கு நானும் பாக்கிதான். இதை உன் மனசைப் புண்படுத்தச் சொல்லவில்லை. உன் கேள்வி எனக்கும் ஒரு நாள் வந்தது என்று சொல்லத்தான்.

இன்னொரு சின்ன விஷயம். மிசியோன் வீதி மூலையில் விமான டிக்கெட் போடும் மதிவாணன் இன்னும் கடை வைத்திருக்கிறானா? பாரீசிலிருந்து சென்னைக்கு ஒரு வழி மட்டும் என்ன விலை என்று கேட்டு எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இவோன்

*

அம்மன் துணை

முத்தியால்பேட்டை
25 ஏப்ரல் 2024

மதாமுக்கு வணக்கம். இருமல் எப்படி இருக்கிறது? மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள். அங்கே மிளகு கிடைக்கும்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி நலம்.

பெஞ்சு விஷயத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். எழுந்து வாசலில் போய் நின்றார். அன்றைக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை. மறுநாள் பார்த்தால் மஞ்சள் முடிச்சில் அவரே இருநூறு ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். உங்கள் கடனை முதலில் அடைக்கச் சொல்வார் என்று நான் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. "அவங்க சாமிக்குச் சேர வேண்டியதையும் நாமதான் தடுத்து வெச்சிருக்கோம். ரெண்டு பாவம். மொதல்ல நம்ம அம்மாவ முடிச்சிடுவோம்" என்கிறார்.

உங்கள் கேள்விகளைக் கோயில் பூசாரியிடமே கேட்டேன். கெடு கிடையாதாம், ஆனால் மறந்தால் கனவில் வருவாளாம். தவணை கூடாதாம். கடன் வாங்கிச் செலுத்தினால் புண்ணியம் கடன் கொடுத்தவனுக்குப் போகும் என்றார். அப்படியானால் இந்தக் கண்மலரின் புண்ணியம் உங்களுக்குத்தான் வரும்! கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் மடிப்பிச்சை எடுத்துச் செலுத்துவார்கள், அதை அம்மன் விரும்பி ஏற்பாள் என்றும் சொன்னார். எங்கள் அம்மா ஊர்ப் பக்கம் செய்வார்கள். டவுனில் யார் செய்கிறார்கள்?

மதிவாணன் கடை இருக்கிறது. ஒரு வழிக்கு நாற்பதாயிரத்துச் சொச்சமாம், நாளுக்கு நாள் மாறுமாம். எனக்கும் ஓர் ஆவல், கேட்கலாமா? உங்களுக்குத்தான் ஜூன் மாதத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறதே. ஒரு வழி விலை எதற்கு?

நான் போடும் சீட்டு ஜூனில் நாற்பத்தைந்தாயிரம் விழும். அதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம் என்றிருக்கிறோம்.

வசந்தா

*

ஓர்லேயான்
28 மே 2024

வசந்தாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூனில் வரவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது. பிறகு பார்க்கலாம். அந்த டிக்கெட் இப்போது இல்லை. இங்கே மரங்களெல்லாம் தளிர்த்துவிட்டன, பார்க்க அழகாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை.

சீட்டு விழுந்தால் முதலில் உன் வேண்டுதலை முடி. வாக்கு வாக்குதான். எனக்கு அவசரமில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

டிக்கெட் விலை கேட்டதை அனைஸ் போன் செய்தால் சொல்ல வேண்டாம். அவளாக எதையாவது நினைத்துக்கொள்வாள். எல்லோரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இவோன்

*

அம்மன் துணை

முத்தியால்பேட்டை
15 ஜூன் 2024

மதாமுக்கு வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் ஒரு தரம் படித்து மடித்து வைத்துவிட்டேன். சரிதா காலேஜிலிருந்து வந்து அதை எடுத்துப் படித்தாள். "அம்மா, கொறையில்ல கொறையில்லன்னு மூணு எடத்துல எழுதியிருக்காங்க. ஒரு தடவ எழுதியிருந்தா நம்பலாம்" என்றாள். மேலே சேசு மரி சூசை எழுத மறந்திருக்கிறீர்கள், அதையும் அவள்தான் காட்டினாள். பிறகு நானும் எடுத்துப் பார்த்தேன். கேள்வியே இல்லாத கடிதம். நீங்கள் எனக்கு அப்படி எழுதியதில்லை. புறாக் குஞ்சு பறந்துவிட்டதா என்று கூடக் கேட்கவில்லை.

அதனால் இந்தத் தடவை கேள்வி கேட்கிற முறை என்னுடையது. ரிட்டர்ன் டிக்கெட் எப்படி இல்லாமல் போனது? உங்கள் வீட்டுக்காரர் முசியேவின் பென்சியோன் பணம் மாதா மாதம் யார் கைக்கு வருகிறது? நீங்கள் எப்போது வருவீர்கள்? வர உங்களுக்கு விருப்பமா, இல்லையா? நான் கீழ் வீட்டுக்காரி, இதெல்லாம் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

சீட்டுப் பணம் வந்துவிட்டது. அவர் கூழுக்கு அண்டா வாடகை விசாரித்துவிட்டார். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

வசந்தா

*

அம்மன் துணை

முத்தியால்பேட்டை
10 ஜூலை 2024

மதாமுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மதிவாணன் கடைக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர், "மதாம் வீட்டு ஆளா நீங்க? டிக்கெட்ட எடுக்கச் சொல்லுங்கம்மா. மூணு தபா லெட்டர் போட்டு வெலை கேட்டுட்டாங்க. எடுக்கவும் மாட்றாங்க, வேணான்னும் சொல்ல மாட்றாங்க" என்றார். அவர் கடை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக பாங்குக்குப் போய், சீட்டுப் பணம் நாற்பத்தைந்தாயிரத்தையும் உங்கள் கணக்கில் போட்டுவிட்டேன். மஞ்சள் முடிச்சைத் தொடவில்லை. அது அம்மனுக்கு என்று முடிந்தது.

வீட்டில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

"சீட்டுப் பணம் எங்க?" என்றார்.

"பேங்குல போட்டுட்டேன்."

"யார் பேருல?"

"மதாம் பேருல."

அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டார். "அவங்க கேக்கவே இல்லியேடி! மொதல்ல வேண்டுதல முடின்னு அவங்களே எழுதியிருக்காங்க. கேக்காத கடன அடச்சிட்டு, கேக்குற தெய்வத்த நிக்க வெப்பியா?"

"அம்மா அவ கோயில்ல இருக்கா. மதாம் அவங்க வீட்ல இல்லியே" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். நான்கு நாளாக என்னோடு பேச்சு இல்லை. சரிதா வழியாகத்தான் சேதி போகிறது, வருகிறது.

பணம் உங்களுடையது. டிக்கெட் எடுங்கள், பெஞ்சு செய்யுங்கள், அங்கேயே செலவழியுங்கள். கேட்க நான் யார். மீதிக் கடன் இருக்கிறது, அதையும் அடைப்பேன். வேண்டுதலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முடிச்சில் இருப்பது கண்மலர்த் தகட்டுக்கும் பஸ்ஸுக்கும் காணும். கூழுக்கு நான் மடிப்பிச்சை எடுக்கப் போகிறேன். பூசாரியிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வசந்தா

*

அம்மன் துணை

முத்தியால்பேட்டை
5 ஆகஸ்ட் 2024

மதாமுக்கு வணக்கம். நாங்கள் நலம். உங்கள் நலத்தை அம்மனிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் உங்கள் கடிதம் வரவில்லை. ஆனாலும் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தானையை ஏந்தி வாசற்படி இறங்கினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் வீட்டு வாசலில் எனக்குக் குரலே எழும்பவில்லை. தினமும் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடும் வீடு அது. அந்த அம்மாள் வெளியே வந்து பார்த்தாள். "அம்மனுக்கு மடிப்பிச்ச" என்று எப்படியோ சொன்னேன். உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். முறம் நிறையக் கேழ்வரகோடு வந்தாள். முந்தானையில் கொட்டிவிட்டு என்னைக் கும்பிட்டாள். என்னையா கும்பிட்டாள்?

அதன் பிறகு குரல் வந்துவிட்டது. வெங்காயம், நொய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய். மீன்காரம்மா ஒரு கை கருவாடு போட்டாள். கடற்கரைப் பக்கம் சைக்கிளில் போன வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இறங்கி என்னவென்று கேட்டாள். சரிதா இங்கிலீஷில் சொன்னாள். அவள் இரண்டு யூரோ காசு ஒன்றை எடுத்துப் போட்டாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் உண்டியலில் சேர்த்துவிட்டேன். உங்கள் ஊர்க் காசும் அம்மனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவர் வாசலில் நின்றார். வேலைக்குப் போகவில்லை. தோளில் துண்டு, கையில் பெரிய பித்தளைத் தூக்கு.

"எங்க வர்றீங்க?" என்றேன். நான்கு வாரத்துக்குப் பிறகு நேராகப் பேசினோம்.

"நீ ஏந்துனா ரொம்புனதும் எங்க கொட்டுவ? நட" என்றார்.

நான் வாங்க வாங்க அவர் தூக்கில் வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். மூன்றாவது தெரு திரும்பியதும் அவர் கம்பெனி சூப்பர்வைசர் கோவிந்தசாமியின் வீடு. நான் அந்த வீட்டை விட்டுவிடலாம் என்று தாண்டி நடந்தேன். "ஒரு வாசல வுட்டாலும் மடிப்பிச்ச ஆவாது" என்று அவரே என்னை நிறுத்தினார். சூப்பர்வைசர் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தவர், திகைத்துப் போனார். "இன்னாய்யா இராமதாசு, நீயா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அட்வான்சு வாங்கித் தந்திருப்பேனே" என்றார்.

"அட்வான்சு வாங்குனா அது கடன் சார். கண்ணு எனக்குத்தானே வந்திச்சி, நாந்தான் நிக்கணும்" என்றார் இவர்.

மதாம், கல்யாணமாகி இருபது வருஷமாயிற்று. அவர் இப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சூப்பர்வைசர் வீட்டில் கேழ்வரகு இல்லை. அந்த அம்மாள் ஒரு மூட்டை அரிசி நொய்யை ஆள் வைத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வீராம்பட்டினம் போய்க் கண்மலர் சாத்தினோம். மெல்லிய தகடுதான், நான் வேண்டிக்கொண்ட கனத்தில் இல்லை. பூசாரி கனம் பார்க்கவில்லை. மத்தியானம் தெருக் கோயில் வாசலில் கூழ் ஊற்றினோம். அண்டா காலியாகிற வரைக்கும் அவர்தான் அகப்பை பிடித்தார். கண்ணில் நீர் வடிந்தது. புகையினாலா, என்னவென்று நான் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டச் சம்மதித்திருக்கிறார்.

நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

வசந்தா

*

சேசு மரி சூசை

ஓர்லேயான்
21 ஆகஸ்ட் 2024

என் அன்பான வசந்தாவுக்கும் இராமதாசுக்கும் சரிதாவுக்கும் ஆசீர்வாதம்.

நான் சுகம். இந்தத் தடவை நம்பு.

உன் ஜூன் கடிதத்துக்கு நான் பதில் எழுதாமல் இல்லை. நான்கு தரம் எழுதினேன், நான்கையும் கிழித்தேன். உண்மையை எழுதினால் உன்னிடம் பணம் கேட்பது போல ஆகும். அம்மன் கையில் இருப்பதைப் பிடுங்குவது போல ஆகும். பொய் எழுதினால் சரிதா கண்டுபிடித்துவிடுவாள்.

இப்போது எழுதுகிறேன். அனைஸ் கெட்டவள் இல்லை. தியரி வேலை பார்த்த கம்பெனி ஜனவரியிலேயே மூடிவிட்டது. வீட்டுக் கடனுக்கு என் பென்சியோன் போகிறது. நானாகத்தான் கொடுத்தேன், ஒரு மாதத்துக்கு என்று. அது ஆறு மாதமாகிவிட்டது. ரிட்டர்ன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கியபோது என்னிடம் கேட்டார்கள், நானும் சரி என்றேன். மகளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் ராத்திரியில் படுத்தால் நம் தெரு இட்லிக்காரன் மணிச் சத்தம் கேட்டது, மெஷின் போடாமலேயே.

ஜூலைக் கடிதம் வந்த அன்றைக்கே மதிவாணனுக்கு செக் எழுதித் தபாலில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த முட்டாள் டிக்கெட்டை அனைஸின் இமெயிலுக்கு அனுப்பிவிட்டான்! சாப்பாட்டு மேசையில் அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது என்னது? யார் பணம்?"

"என் பணம்" என்றேன்.

"உனக்கு ஏது பணம்?"

"நான் கடன் கொடுத்திருந்தேன். அவங்க திருப்பிக் கொடுத்தாங்க."

அவள் அழுதாள். கோபித்தாள். பிள்ளைகள் கதி என்ன என்று கேட்டாள். தியரி அதுவரைக்கும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அம்மாவுக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம், அனைஸ். நாம் ஒரு தவணையும் கட்டவில்லை" என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அது எப்படித் தெளிவாகக் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பென்சியோனில் பாதி எனக்கு, பாதி அவர்களுக்கு, தியரிக்கு வேலை கிடைக்கும் வரைக்கும். அனைஸ் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் பெட்டியை அவளே இறக்கித் துடைத்து வைத்தாள்.

உன் ஆகஸ்ட் கடிதத்தைப் பெனேன் சாமியாருக்கு வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆடு என்ன விலை ஆகும் என்று அம்மாவிடம் கேட்கப் போவதாகச் சொன்னார்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி சென்னையில் இறங்குகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்தாலும் வருவேன்.

வந்ததும் பேச வெட்கமாக இருக்கும், அதனால் கடைசியாக ஒன்றை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். அவசரமில்லை, அவசரமில்லை என்று உனக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். அது என் பெருந்தன்மை என்று நினைத்தேன். என் கஷ்டத்தை நீயே கண்டுபிடிக்கட்டும் என்று உன் தலையில் பாரத்தைக் கட்டியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. இனி அப்படி எழுத மாட்டேன். மீதிப் பணம் எனக்கு வேண்டும், வசந்தா. மாதம் மூவாயிரம், பாதி இல்லை, முழுதாக. முடியாத மாதம் மேலே ஏறி வந்து முடியவில்லை என்று சொல். அவசரமாக வேண்டும் என்றால் நான் கீழே இறங்கி வந்து கேட்பேன்.

கேட்டுவிட்டேன் பார். உயிரொன்றும் போகவில்லை.

உன்
இவோன்